கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

எழுத்தறிவு பெற்றவர் யார் என்பதற்கு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு தெளிவான வரையறை வைத்திருக்கிறது. ஏழு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏதேனும் ஒரு மொழியில் புரிதலுடன் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரிந்து எழுதத் தெரியாதவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த அளவுகோலின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். 1988 மே மாதம் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் இதைவிட நுணுக்கமான அளவுகளை வகுத்தது. வாய்விட்டுப் படித்தால் நிமிடத்துக்கு 30 சொற்கள், மனத்துக்குள் படித்தால் 35, பார்த்து எழுதினால் 7, சொல்லக் கேட்டு எழுதினால் 5. எண்களில் 1 முதல் 100 வரை எழுதவும் படிக்கவும், எளிய கணக்குகளைப் போடவும் தெரிய வேண்டும்.

அதே இயக்கத்தின் வரையறைக்கு இரண்டாவது பகுதி ஒன்றும் இருந்தது. தாங்கள் ஏன் இந்த இல்லாமையில் இருக்கிறோம் என்பதன் காரணங்களைக் கற்பவர்கள் உணர வேண்டும், ஒன்றுகூடி அமைப்பாகி அந்த நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும், பெண்களின் சமத்துவமும் சுற்றுச்சூழலும் அவர்கள் மனத்தில் பதிய வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். முதல் பகுதிக்குத் தேர்வுத்தாள் இருந்தது, நிமிடக் கணக்கு இருந்தது. இரண்டாம் பகுதியை அளக்க எந்தத் தாளும் இல்லை. அளக்க முடியாதது மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தும் நழுவிவிடும் என்பது அரசுத் திட்டங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டாம் பகுதிதான் எழுத்தறிவின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு தாளைப் படித்து முடிப்பதோடு எழுத்தறிவு முடிந்துவிடுவதில்லை. இதை எழுதியது யார், யாருக்காக எழுதினார், இதில் எது விடுபட்டிருக்கிறது என்று அந்தத் தாளை நோக்கிக் கேட்கத் துணியும்போதுதான் ஒருவர் எழுத்தறிவு பெற்றவர் ஆகிறார்.

இந்த நம்பிக்கை எனக்குப் புதுக்கோட்டையில் வந்தது. 1991இல் அந்த மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவூட்டும் அறிவொளி இயக்கம் நடந்தபோது நான் தொண்டராக இருந்தேன். ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். வயல் வேலையும் கல்குவாரி வேலையும் முடித்து, சோறு வடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான் பெண்கள் வகுப்புக்கு வருவார்கள். அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தால் கரும்பலகையில் பாதிதான் தெரியும். எங்கள் வகுப்பில் ‘அ’, ‘ஆ’ என்று வரிசையாகத் தொடங்கவில்லை. அவர்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொற்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்துக் காட்டினோம். அப்படி எழுதிய சொற்களில் ஒன்று ‘பட்டா’.

‘ப’வும் ‘ட்’டும் ‘டா’வும் தனித்தனியே தெரிந்து, மூன்றையும் கூட்டிப் படித்து முடித்ததும், நடுவயதைத் தாண்டிய ஒரு பெண் சிலேட்டைக் கீழே வைத்தார். “தம்பி, பட்டான்னு படிச்சாச்சு. எங்க பட்டா யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வகுப்பில் இருந்த யாரிடமும் விடை இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அங்கிருந்த பெரும்பாலான வீடுகளுக்கும் பட்டா என்பது எங்கோ ஒரு அலுவலகத்தில், யாரோ ஒருவரின் பீரோவில் இருக்கும் ஒன்று. அவர்கள் உழுத நிலத்தைப் பற்றிய தாளை அவர்கள் கண்ணால் பார்த்ததே கிடையாது.

சில நாட்களில் அவரோடு இன்னும் நாலைந்து பெண்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவில் இருந்தது அந்தப் பெண்ணுடைய மாமனாரின் பெயர். அவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பயிர் விவரம் பதியும் அடங்கலில் எழுதியிருந்த பயிருக்கும் நிலத்தில் நின்ற பயிருக்கும் சம்பந்தம் இல்லை. புல எண்ணையும் அதன் உட்பிரிவையும் அவர் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பிறகு வரைபடத்தில் அந்த உட்பிரிவு எங்கே முடிகிறது என்று கேட்டார். கோட்டைக் காட்டினார்கள். “அப்ப எங்க பனமரம் நிக்கிற வரப்பு யாரு கணக்குல இருக்கு?” என்றார். அந்த வரப்பு பக்கத்து நிலத்தோடு சேர்ந்திருந்தது. அந்தப் பனைகளை யார் விதைத்தது, எந்த ஆண்டு மழை பொய்த்தபோது எந்த மரம் பட்டுப்போனது, எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது என்பதையெல்லாம் அவர் மனப்பாடமாக அறிந்திருந்தார். அந்த அறிவில் ஒரு துளிகூடத் தாளில் ஏறவில்லை.

அந்தப் பிற்பகலைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு 30 சொற்கள் படிக்கும் நிலைக்கு அவர் அப்போது வரவில்லை. தேர்வு வைத்திருந்தால் தேறியிருக்க மாட்டார். ஆனால் ஓர் ஆவணத்தை எப்படிப் படிக்க வேண்டுமோ அப்படி அவர் படித்தார். அதில் உள்ளதைத் தான் அறிந்ததோடு ஒப்பிட்டார். ஒப்பாத இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். பட்டப்படிப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் ஒரு வில்லங்கச் சான்றை இந்தக் கவனத்தோடு படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டாவில் பெயர் மாற்றம் கிடைப்பதற்குள் அவர் நெடுநாள் அலைய வேண்டியிருந்தது. வரப்பு விவகாரம் அதற்குப் பிறகும் முடியவில்லை. எழுத்தறிவு வந்ததும் நீதி தானாக வந்துவிடாது. நீதி எங்கே தடுக்கப்படுகிறது என்பது தெரியவரும். அதன்பின் அந்தக் கதவைத் தட்டுவதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றிப் பேசினால் எல்லாரும் சைக்கிளைத்தான் சொல்வார்கள். அது நியாயமானதே. படிக்கக் கற்ற பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுப்பது என்று அங்கே முடிவெடுத்தார்கள். சில மாதங்களில் அது மாவட்டம் முழுவதும் பற்றிக்கொண்டது. 1992 மகளிர் தினத்தில் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று அக்காலத்தில் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கான சைக்கிள் போதுமான அளவு கடைகளில் கிடைக்காதபோது, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள். பெண்கள் தெருவில் சைக்கிள் மிதித்தால் ஏசியவர்களும் இருந்தார்கள். தொடர்பு மிக நேரடியானது. பட்டாவைப் பார்க்க வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும்; அங்கே போக வீட்டில் ஓர் ஆண் கூட வர வேண்டும்; அவர் வேலையை விட்டு வரமாட்டார். வாரத்தில் எந்த நாள் அதிகாரி இருப்பார் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்து என்ன பயன், அந்தப் பலகை நிற்கும் இடத்துக்குத் தன் விருப்பப்படி போக முடியாதபோது? பேருந்துக்காகக் காத்திருக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், நெல்லையோ வெள்ளரிக்காயையோ பின்னால் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் விலை விசாரித்துத் திரும்பிய பெண்ணுக்குத்தான் அந்தப் பலகை உண்மையில் படிக்கக் கிடைத்தது. எழுத்து இருக்கும் இடத்துக்குத் தானே போய்ச் சேரும் வலிமையையும் நான் எழுத்தறிவில் சேர்த்தே எண்ணுகிறேன்.

குவாரிகளில் இது வேறு விதமாக நடந்தது. அந்த மாவட்டத்தில் கல்லுடைக்கும் குடும்பங்கள் பல, முன்பணம் வாங்கிக் குத்தகைதாரருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவை. அந்த ஆண்டுகளில் மாவட்ட நிர்வாகம் பெண்கள் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. அவர்களோடு வகுப்பில் போட்ட கணக்கு ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. ஜல்லியை யூனிட் கணக்கில் விற்பார்கள்; 100 கன அடி ஒரு யூனிட். லாரிப் பெட்டியின் நீளம் 10 அடி, அகலம் 7 அடி, ஜல்லி நிரம்பிய உயரம் மூன்றரை அடி என்றால் 245 கன அடி வரும். அதாவது இரண்டு யூனிட்டும் 45 கன அடியும். ‘ரெண்டு யூனிட்’ என்று நோட்டில் எழுதிவிட்டு லாரி கிளம்பினால் அந்த 45 கன அடி உடைத்த கைகளுக்குக் கூலி இல்லை. பெருக்கல் முடிந்து விடை வந்ததும் வகுப்பில் பேச்சு அடங்கிவிட்டது. பல ஆண்டுகளாக எத்தனை லாரி போயிருக்கும் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கூட்டலை யாரும் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த நாள் அளவு நாடா ஒன்று குவாரிக்குப் போனது.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்திலும் இதே காலத்தில்தான் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. குடும்பத் தலைவனின் குடியால் சிதைந்த ஒரு வீட்டின் கதை அங்கே வாசிப்புப் பாடமாக வந்தது. துபகுண்டா என்ற ஊரின் பெண்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசி, தங்கள் வீட்டுக் கூலி எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்து, ஊருக்குள் சாராயம் வர முடியாதபடி தடுத்தார்கள். அந்தச் செய்தி அடுத்தடுத்த ஊர்களுக்குப் பரவி மாநிலம் தழுவிய போராட்டமானது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995 தொடக்கத்தில் முழு மதுவிலக்கும் வந்தது. அது பிறகு தளர்த்தப்பட்டது வேறு கதை. பாடத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததோடு நிறுத்தியிருந்தால் அவர்கள் நல்ல மாணவிகளாக இருந்திருப்பார்கள். பாடத்தில் வந்த பெண்ணைத் தங்கள் தெருவில் அடையாளம் கண்டதால் ஓர் அரசின் வருவாய்க் கொள்கையையே மாற்றினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத்தைத் தாண்டிய அறிவைப் பற்றிப் பேசும்போது, எழுத்தே தேவையில்லை என்ற முடிவுக்குச் சிலர் சறுக்கிவிடுகிறார்கள். கடலைப் படிக்கும் மீனவர், மண்ணைப் படிக்கும் விவசாயி, நாடியைப் படிக்கும் மருத்துவச்சி என்று அடுக்கி, இவர்களுக்கு எதற்கு ஏட்டுக் கல்வி என்று முடிக்கிறார்கள். அவர்களுடைய அறிவின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்தப் பேச்சை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேசி நான் கேட்டதில்லை. தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டவர்கள்தான் பேசுகிறார்கள். பனை நின்ற வரப்பை மனப்பாடமாக அறிந்த அந்தப் பெண்ணிடமிருந்து வரப்பு பறிபோனது தாளில்தான். அதைத் திரும்பப் பெறவும் தாள்தான் வேண்டியிருந்தது. எழுத்து தெரியாதவரின் அறிவைப் போற்றிவிட்டு அவருக்கு எழுத்தை மறுப்பது, அவருடைய வரப்பைப் பறித்தவர்களுக்குத்தான் உதவும்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம். ‘1-0-1’ என்று எழுதியிருந்தால் காலையும் இரவும் ஒவ்வொன்று, மதியம் வேண்டாம் என்பது ஒரு எழுத்தும் தெரியாத பாட்டிக்கும் இன்று தெரியும். அது மக்கள் தாமே கற்றுக்கொண்ட வாசிப்பு. ஆனால் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் அப்படி ஒரு கண்ணுக்குத் தெரியும் குறிப்பு இல்லை. பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். 200 மில்லி தண்ணீருக்கென்று சிறிய பொட்டலம் தனியாக வருகிறது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் உப்பு அளவுக்கு மீறிப்போய்க் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட ஒரு வரிதான் இரண்டையும் பிரிக்கிறது. குழந்தையின் முகவாட்டத்தைப் பார்த்தே நீர் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடும் தாய்க்கும் அந்த ஒரு வரி வேண்டும்; அது இல்லாமல் அவளுடைய அனுபவம் அத்தனையும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

மறுபக்கத்தில், எழுத்தெல்லாம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர், முதுகலைப் பட்டம் பெற்றவர், ஒரு கடன் நிறுவனத்தில் 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதாக மகிழ்ச்சியோடு சொன்னார். தாளை வாங்கிப் பார்த்தேன். ‘நேர் வட்டி’ என்று இருந்தது. 10,000 ரூபாய் அசலுக்கு ஓராண்டு வட்டி 1,200. மொத்தம் 11,200ஐ 12ஆல் வகுத்து மாதம் 933 ரூபாய்ச் சொச்சம் தவணை. ஆறு மாதம் கட்டி முடித்தபோது அசலில் பாதி திரும்பப் போயிருக்கும். ஆனாலும் வட்டி முழு 10,000த்துக்கும் போட்டபடியே நிற்கிறது. குறைந்துவரும் அசலின்மேல் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 21½ சதவீத வட்டி. தாளில் எழுத்துப் பிழையோ எண் பிழையோ இல்லை. எல்லாம் அச்சிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள், அவரும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். ‘எதன்மேல் 12 சதவீதம்?’ என்ற ஒரு கேள்வி மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 என்று அடகுக் கடை வாசலிலேயே மனக்கணக்காகச் சொல்லும் பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தத் தாளைப் படித்துக் காட்டியிருந்தால் முதல் நிமிடத்திலேயே பிடித்திருப்பார்கள்.

படித்துக் காட்டுவது என்று சொன்னதும் ராஜஸ்தான் நினைவுக்கு வருகிறது. 1994 டிசம்பர் 2ஆம் தேதி, பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் ஒரு பொது விசாரணையை நடத்தினார்கள். பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலையும் பில்களையும் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிப்பது, அவ்வளவுதான் நிகழ்ச்சி. வேலை செய்யாதவர் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளிவந்தது. அங்கே கூடியிருந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பெயரைப் படித்ததும் அவர் அந்த மாதம் ஊரிலேயே இல்லை என்று சொல்ல ஆள் இருந்தது; இத்தனை மூட்டை சிமெண்ட் என்று படித்ததும் அந்தச் சுவரை நேரில் பார்த்தவர் எழுந்தார். ஒருவர் படிக்க, ஊர் அதைச் சரிபார்த்தது. படித்த அதிகாரிகள் தணிக்கை என்று மூடிய அறையில் செய்வதை மக்கள் மரத்தடியில் செய்தார்கள், அதைவிடச் சரியாகவும் செய்தார்கள். ‘நம் பணம், நம் கணக்கு’ என்ற முழக்கம் அங்கிருந்து வளர்ந்து, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கான பெருங்காரணங்களில் ஒன்றானது.

எழுத்தறிவை ஒரு தனி மனிதரின் கண்ணுக்குள்ளும் கைக்குள்ளும் மட்டுமே தேடக் கூடாது என்பதை இந்த நிகழ்ச்சி எனக்குத் தெளிவாக்கியது. ஓர் ஊரில் உரக்கப் படிக்க இரண்டு பேரும் கேட்டுச் சரிபார்க்க நூறு பேரும் இருந்தால் அந்த ஊர் எழுத்தறிவு பெற்ற ஊர்தான். எல்லாரும் தனித்தனியே படிக்கத் தெரிந்து, பொதுத் தாளை யாரும் கேட்டு வாங்காத ஊரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசுகள் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கின்றன. பிரேசிலில் 1985 வரை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. 1963இல் அந்நாட்டின் வடகிழக்கில் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் வழிகாட்டலில் 300 தொழிலாளர்கள் சில வாரங்களில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே சொற்களை எடுத்து, அந்தச் சொல் குறிக்கும் நிலைமையைப் பற்றி முதலில் விவாதித்து, பிறகு எழுத்தைப் பிரித்துக் காட்டும் முறை அது. நாங்கள் புதுக்கோட்டையில் ‘பட்டா’ எழுதியதன் வேர் அங்கேதான் இருக்கிறது. படித்த ஒவ்வொருவரும் ஒரு வாக்காளர், அதுவும் கேள்வி கேட்கப் பழகிய வாக்காளர் என்பது நிலக்கிழார்களுக்கு உடனே புரிந்தது. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது, ஃபிரெய்ரே சிறையிலடைக்கப்பட்டுப் பின் நாட்டை விட்டே போக நேர்ந்தது.

இந்தியா இந்த விஷயத்தில் வேறு முடிவெடுத்ததை நான் பெருமையோடு நினைக்கிறேன். 1951இல் நம் நாட்டின் எழுத்தறிவு 18 சதவீதம்தான். எழுத்து வரட்டும், பிறகு வாக்கு தருவோம் என்று காத்திருக்காமல், சுமார் 17 கோடிப் பேருக்கு வாக்குரிமை கொடுத்து, சின்னங்களை வைத்து முதல் பொதுத்தேர்தலை நடத்தினோம். ஆனால் அதே தேர்தலின் வாக்காளர் பட்டியலிலிருந்து சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவாகியிருந்தார்கள். அறிவொளி வகுப்புகளில் பெண்கள் முதலில் எழுத விரும்பியது தங்கள் பெயரைத்தான் என்பதை நேரில் பார்த்த எனக்கு, அந்த 28 லட்சத்தை வெறும் எண்ணாகக் கடந்துபோக முடிவதில்லை.

இப்போது எழுத்து தாளிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்துவிட்டது. ஊரக வேலைத் திட்டக் கூலி வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்ததா என்று அறிய ஒரு குறுஞ்செய்தி, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அந்த எண்ணோடேதான் வருகிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்து எச்சரிக்கையைப் படிக்கத் தெரியாதவர் தொலைபேசியில் கேட்பவரிடம் எண்ணைச் சொல்லிவிடுகிறார். 2022 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இதை உணர்ந்து, அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவோடு நிதி அறிவு, மின்னணு அறிவு, சட்ட அறிவு, உடல்நலம் ஆகியவற்றையும் வாழ்க்கைத் திறன்கள் என்று சேர்த்திருக்கிறது. இது நல்ல தொடக்கம். ஆனால் தேர்வு 150 மதிப்பெண்களுக்கு. படித்தலுக்கு 50, எழுதுதலுக்கு 50, கணக்குக்கு 50. மீண்டும் முதல் பகுதிக்குத்தான் தாள். கற்பவர் கையில் ஒரு கடன் ஒப்பந்தத்தையோ ஒரு கூலிப் பட்டியலையோ கொடுத்து, இதில் நீங்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதவோ சொல்லவோ விட்டு, கேட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் தந்தால் என்ன? அளக்க முடியாது என்று நாம் விட்டுவிட்டது அப்படியொன்றும் அளக்க முடியாததில்லை.

என் ஊரில் அப்படி ஒரு தேர்வு, யாரும் வைக்காமலே, கிராம சபையில் நடந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நெடுங்காலமாக எங்கள் ஊரில் வழக்கம் என்னவென்றால், கூட்டம் தொடங்கும் முன்பே வருகைப் பதிவு என்று சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தீர்மானங்கள் அதன்பின் எழுதப்படும். மகளிர் குழுக்களில் வரவு செலவு எழுதிப் பழகிய பெண்கள் சிலர், மேல்பக்கம் காலியாக இருக்கும் புத்தகத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று ஒருமுறை கேட்டார்கள். சலசலப்பு ஆனது. “வருகைக்குத்தானம்மா போடச் சொல்றோம்” என்றார்கள். “அப்ப வருகைக்குத் தனி நோட்டு வைங்கய்யா, இதுல தீர்மானத்தை எழுதி வாசிச்ச பின்னாடி போடுறோம்” என்றார் ஒருவர்.

எழுதி வாசித்தார்கள். சிமெண்ட் சாலையின் நீளம் மீட்டரில் வந்தபோது, அது எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று கேட்டார்கள். சொன்ன இரண்டு வீடுகளுக்கும் இடையில் அத்தனை தூரம் இல்லை என்று அந்தத் தெருவில் தினமும் தண்ணீர் சுமக்கும் பெண்ணே சொன்னார். தீர்மானத்தில் அந்த இடத்தை அடித்துத் திருத்தினார்கள். திருத்தத்தின் ஓரத்தில் கையொப்பமும் இட்டார்கள். அதற்குப் பிறகு வருகைக்குத் தனி நோட்டு வந்துவிட்டது. தீர்மானத்தின் நகலைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது இப்போது அவர்கள் வைத்திருக்கும் கோரிக்கை. இதுவரை ஒட்டவில்லை. அடுத்த கிராம சபையில் மறுபடியும் கேட்கப் போகிறார்கள்.